வாடகை பாக்கி முதல் விரிசல் சுவர் வரை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

கேள்வி (சாட்ஸ்வொர்த்): எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள அவுட்பில்டிங்கை மாதம் 4,500 ரேண்டுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். மூன்று மாதமாக வாடகை வரவில்லை. கேட்டால், "வேலை போயிடுச்சு அண்ணா, தீபாவளி கழிஞ்சதும் தந்துடறேன்" என்கிறார். என் மச்சானோ, "மெயின் சுவிட்சை இறக்கிவிடு, கேட் பூட்டை மாத்து, ஆள் தானா போயிடுவான்" என்கிறார். அந்த வாடகையை நம்பித்தான் ரேட்ஸும் (நகராட்சிச் சொத்து வரி) தண்ணீர் பில்லும் கட்டுகிறோம். என்ன செய்யலாம்?

பதில்: எதைச் செய்தாலும் மச்சான் சொன்னதைச் செய்யாதீர்கள். கோர்ட் உத்தரவு இல்லாமல் யாரையும் குடியிருக்கும் வீட்டிலிருந்து வெளியேற்றக் கூடாது என்று தென்னாப்பிரிக்க அரசியல் சாசனத்தின் 26-ஆம் பிரிவே சொல்கிறது. பூட்டை மாற்றுவதும் மின்சாரத்தை நிறுத்துவதும் வாடகை வீட்டுச் சட்டப்படி குற்றம். குடித்தனக்காரர் கோர்ட்டில் அவசர மனு போட்டால் பாக்கி எவ்வளவு என்ற பேச்சே அங்கே எழாது. முதலில் பூட்டைத் திற, கரண்டைக் கொடு என்று உத்தரவு வரும். வக்கீல் செலவும் பெரும்பாலும் உங்கள் தலையில் விழும். பதறாத காரியம் சிதறாது என்பதற்கு வாடகை பாக்கியைப் போல உதாரணம் வேறு இல்லை.

அதற்காகச் சும்மா காத்திருக்கவும் கூடாது. இன்றே ஒரு கணக்குத் தாள் எழுதுங்கள்: எந்த மாதம், எவ்வளவு வர வேண்டும், எவ்வளவு வந்தது, எந்தத் தேதியில். பிறகு ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். ஓராண்டு, ஈராண்டு என்று காலம் குறித்து எழுதியிருந்தால், பாக்கியைக் கட்டும்படி 20 வேலை நாள் அவகாசம் கொடுத்துக் கடிதம் அனுப்புங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு கேட்கும் அவகாசம் இதுதான். 20 வேலை நாள் என்றால் ஏறக்குறைய நான்கு வாரம். சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாட்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. வாய்ப்பேச்சில் மாதா மாதம் ஓடும் குடித்தனம் என்றால், குறைந்தது ஒரு மாத முன்னறிவிப்பை எழுத்தில் கொடுக்க வேண்டும். கடிதத்தைக் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். வாட்ஸ்அப்பிலும் ஒரு படம் அனுப்பி வையுங்கள்.

அவகாசம் முடிந்தும் பணம் வராவிட்டால் இரண்டாவது கடிதம் எழுத வேண்டும்: ஒப்பந்தம் ரத்தாகிறது, இன்ன தேதிக்குள் காலி செய்யவும் என்று. பெரும்பாலோர் தவறவிடுவது இந்தக் கடிதத்தைத்தான். ஒப்பந்தம் முறையாக ரத்தாகாத வரை அவர் அங்கே இருப்பது சட்டப்படி சரிதான். இந்தக் கடிதம் இல்லாமல் கோர்ட்டுக்குப் போனால் வழக்கு நிற்காது. ரத்தான பிறகு அவர் ஏதாவது பணம் கொடுத்தால், ரசீதில் 'வாடகை' என்று எழுதாதீர்கள். 'குடியிருந்ததற்கான இழப்பீடு, ஒப்பந்தம் ரத்தானது மாறாது' என்று எழுதுங்கள். இல்லையென்றால் நீங்களே ஒப்பந்தத்தைப் புதுப்பித்துவிட்டீர்கள் என்று அவருடைய வக்கீல் வாதாடுவார்.

அடுத்தது வெளியேற்ற மனு. முறையற்ற வெளியேற்றத்தைத் தடுக்கும் 1998-ஆம் ஆண்டின் 19-ஆம் எண் சட்டப்படி, விசாரணைக்குக் குறைந்தது 14 நாள் முன்னதாக அவருக்கும் நகராட்சிக்கும் கோர்ட் வழியாக நோட்டீஸ் போய்ச் சேர வேண்டும். ஒப்பந்தம் ரத்தான பின் ஆறு மாதத்துக்கு மேல் ஆள் இருந்துவிட்டால், அவருக்கு மாற்று இடம் உண்டா என்பதையும் கோர்ட் பார்க்கும், வழக்கு நீளும். அதனால் ரத்துக் கடிதம் கொடுத்துவிட்டுத் தூங்கிவிடாதீர்கள். உத்தரவு கிடைத்த பிறகும் ஆளை வெளியேற்ற வேண்டியது கோர்ட் உத்தரவை நிறைவேற்றும் அதிகாரியான ஷெரிஃப்தான், நீங்கள் அல்ல.

இத்தனைக்கும் முன்னால், முதல் கடிதம் கொடுக்கும் அன்றே அவரோடு உட்கார்ந்து பேசிப் பாருங்கள். பாக்கி 13,500 ரேண்ட். ஒரு மாத வாடகையை டெபாசிட்டாக வாங்கியிருந்தால் அதைக் கழித்தது போக 9,000. மாதக் கடைசியில் காலி செய்கிறேன், மிச்சத்தை மாதம் 500 வீதம் 18 மாதத்தில் தருகிறேன் என்று கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டால், பல நேரம் வழக்கை விட அதுவே லாபம். அவர் அந்தத் தவணையைத் தவறவிட்டால் சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போகலாம். 20,000 ரேண்ட் வரை அங்கே வக்கீல் இல்லாமல் நீங்களே பேசலாம். வாடகைத் தகராறுகளை விசாரிக்கும் வாடகைத் தீர்ப்பாயத்தில் கட்டணம் இல்லைதான், ஆனால் வெளியேற்றத்தை விசாரிக்க அதற்கு அதிகாரம் கிடையாது.

கேள்வி (ஃபீனிக்ஸ்): காலி செய்து ஆறு வாரம் ஆகிறது. "பெயின்ட் அடிக்க வேண்டும்" என்று வீட்டுக்கார அம்மா டெபாசிட்டைப் பிடித்து வைத்திருக்கிறார். கேட்க முடியுமா?

பதில்: தாராளமாக. ஒப்பந்தம் முடிவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இருவரும் சேர்ந்து வீட்டைப் பார்த்திருக்க வேண்டும். அவர் அதைச் செய்யவில்லை என்றால், வீடு நல்ல நிலையில் இருந்ததாக அவரே ஒப்புக்கொண்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். டெபாசிட்டில் கைவைக்க முடியாது. சேர்ந்து பார்த்துச் சேதம் எதுவும் இல்லையென்றால் 7 நாளிலும், சேதம் இருந்தால் அதைச் சரிசெய்து முடித்த 14 நாளிலும், செலவு போக மீதியை வட்டியோடு தர வேண்டும். ரசீதுகளைக் கேட்டுப் பாருங்கள். நாள்பட மங்கிய பெயின்ட் சேதம் ஆகாது. ஆணி அடித்த ஓட்டை, உடைந்த கதவு சேதம்தான். எழுதிக் கேட்டும் தராவிட்டால் தீர்ப்பாயத்துக்குப் போங்கள்.

கேள்வி (வெருலம்): அப்பா கட்டிய மூன்று படுக்கையறை வீட்டை 14 லட்சம் ரேண்டுக்கு விற்பனைக்குப் போட்டு எட்டு மாதம் ஆகிறது. 12 லட்சத்துக்குக் கொண்டுவந்தால் டிரான்ஸ்ஃபர் டியூட்டியே (வாங்குபவர் கட்டும் சொத்து மாற்ற வரி) இல்லை, உடனே போகும் என்கிறார் ஏஜென்ட். இன்னொருவர் முழு விலையும் தருவதாகச் சொல்கிறார், ஆனால் லோன் வருவதற்குள் இப்போதே குடிவர வேண்டுமாம்.

பதில்: டியூட்டிக் கணக்கை ஏஜென்ட் முன்னாலேயே போட்டுக் காட்டுங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் 12 லட்சத்து 10 ஆயிரம் ரேண்ட் வரை டியூட்டி கிடையாது. அதற்கு மேல் முதல் படியில் 3 விழுக்காடு. 14 லட்சத்துக்கு வாங்குபவர் கட்ட வேண்டியது 1 லட்சத்து 90 ஆயிரத்துக்கு 3 விழுக்காடு, அதாவது 5,700 ரேண்ட். அவருக்கு அந்த 5,700-ஐ மிச்சப்படுத்த நீங்கள் இரண்டு லட்சத்தை விடுவதா? விலை அதிகம் என்று வேறு காரணத்தால் தெரிந்தால் குறையுங்கள். அதற்கு அக்கம்பக்கத்தார் விளம்பரத்தில் கேட்கும் விலை உதவாது. உங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலும் கடந்த ஓராண்டில் பத்திரப் பதிவான விலைகளை ஏஜென்டிடம் அச்சிட்டுக் கேளுங்கள். குறைப்பதென்றால் ஒரே தடவையாகக் குறையுங்கள். மாதம் இருபதாயிரம் என்று இறக்கிக்கொண்டே போனால், வாங்க வருபவர் அடுத்த இறக்கத்துக்குக் காத்திருப்பார்.

முழு விலை தருகிறேன் என்பவருக்குச் சாவி கொடுக்காதீர்கள். நில விற்பனை எழுத்தில் இருந்து இரு தரப்பும் கையெழுத்திட்டால்தான் செல்லும் என்கிறது 1981-ஆம் ஆண்டுச் சட்டம். அந்தப் பத்திரத்தில் 'இன்ன தேதிக்குள் லோன் அனுமதி' என்ற நிபந்தனை இருக்கும். அந்தத் தேதிக்குள் அனுமதி வராமல், அதற்கு முன்பே எழுத்தில் நீட்டிக்கவும் இல்லையென்றால் விற்பனை தானாக விழுந்துவிடும். ஆள் மட்டும் உங்கள் வீட்டுக்குள் இருப்பார். முதல் கேள்வியில் உள்ள சாட்ஸ்வொர்த் வாசகரின் நிலைதான் உங்களுக்கும். குடிவரவிடத்தான் வேண்டுமென்றால் அவருடைய லோன் அனுமதி கையில் இருக்கட்டும், முன்பணம் கன்வேயன்சரின் (பத்திரப் பதிவு வக்கீலின்) டிரஸ்ட் கணக்கில் கிடக்கட்டும், பதிவு நாள் வரைக்கும் மாத வாடகை எவ்வளவு என்று பத்திரத்தில் எழுதியிருக்கட்டும்.

வாங்க ஆள் வராத மாதங்களில் காகித வேலையை முடித்துக்கொள்ளுங்கள். முதலில் நகராட்சியில் உங்கள் வீட்டின் அங்கீகரித்த பிளானை எடுத்துப் பாருங்கள். பிற்பாடு சேர்த்த வராந்தா, காரேஜ், பின்னறை எல்லாம் அதில் இருக்கின்றனவா? இந்தப் பக்கத்து வீடுகளில் விற்பனை கடைசி நேரத்தில் நின்றுபோவது இதனால்தான். விடுபட்டதற்கு பிளான் போட்டு அனுமதி வாங்க மாதக்கணக்கில் ஆகும். வாங்குபவர் வந்த பிறகு தொடங்கினால் அவர் காத்திருக்க மாட்டார். மின் இணக்கச் சான்றிதழ் இரண்டு ஆண்டுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. மின்வேலி இருந்தால் அதற்குத் தனிச் சான்றிதழ் வேண்டும். வண்டு அரிப்புச் சான்றிதழைச் சட்டம் கேட்பதில்லை என்றாலும் நம் கடற்கரைப் பகுதியில் அது வழக்கம். நகராட்சிக்குப் பாக்கி இல்லை என்னும் ரேட்ஸ் கிளியரன்ஸை மட்டும் இப்போதே வாங்காதீர்கள்; அது 60 நாள்தான் செல்லும்.

இன்னொன்று. வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது என்று இமெயில் வந்தால் நம்பாதீர்கள், வாங்குபவரிடமும் சொல்லி வையுங்கள். வீட்டு விலையான 55 லட்சம் ரேண்டை, இடையில் திருத்தப்பட்ட ஒரு இமெயிலை நம்பித் திருடனின் கணக்குக்கு அனுப்பிவிட்டார் ஒரு பெண்மணி. வக்கீல் நிறுவனம் ஈடு தர வேண்டியதில்லை என்று 2024 ஜூனில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. முன்பே தெரிந்த எண்ணுக்கு ஒரு போன் போட்டுக் கணக்கு எண்ணை வாய்விட்டுச் சரிபார்த்த பிறகுதான் பணம் போக வேண்டும். அந்த இமெயிலில் உள்ள எண்ணுக்குப் போன் போட்டுப் பயனில்லை.

கேள்வி (டோங்காட்): 2021-ல் 10 லட்சம் ரேண்ட் பாண்டு (வீட்டுக் கடன்) எடுத்தோம். வட்டி ஏறியதில் தடுமாறி இப்போது இரண்டு தவணை பாக்கி. '129-ஆம் பிரிவு' என்று போட்டு வங்கியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. வீடு போய்விடுமா?

பதில்: தேசியக் கடன் சட்டத்தின் 129-ஆம் பிரிவுப்படி, வழக்குக்கு முன் வங்கி அனுப்பும் எச்சரிக்கை அது. அந்தக் கடிதத்தால் மட்டும் வீடு போகாது. அதைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்தவர்களின் வீடுதான் போகிறது. உங்களுக்கு 10 வேலை நாள் இருக்கிறது. அதற்குள் வங்கியின் பாக்கிப் பிரிவோடு பேசித் தவணையை மாற்றிக் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள். போகும்போது மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வங்கி அறிக்கை, வீட்டுச் செலவுப் பட்டியல் ஆகியவற்றை எடுத்துப் போங்கள். முடியாத தொகைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒப்புக்கொண்டதைத் தவறவிட்டால் அடுத்த தடவை யாரும் பேச மாட்டார்கள். வேறு கடன்களும் சேர்ந்து அழுத்தினால், வங்கி கோர்ட்டுக்குப் போவதற்கு முன்பே பதிவு பெற்ற கடன் ஆலோசகரிடம் போய்விடுங்கள்.

வழக்கு வரை போய்விட்டாலும் வழி அடைபட்டுவிடாது. பாக்கித் தவணைகளையும், அவற்றுக்கான கட்டணத்தையும், நியாயமான வழக்குச் செலவையும் கட்டினால் கடன் பழையபடி உயிர் பெறும், முழுக் கடனையும் கட்ட வேண்டியதில்லை என்று 2016-ல் அரசியல் சாசன நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. ஆனால் ஏலத்தில் விற்றுப் பணமும் கைமாறிவிட்டால் அந்த வழி கிடையாது. எப்படியும் தாக்குப்பிடிக்க முடியாது என்று தெரிந்தால், வங்கியே துணை நின்று வீட்டை விற்க உதவும் 'உதவி விற்பனை'த் திட்டம் இருக்கிறதா என்று கேட்டு நீங்களே விற்றுவிடுவது ஏலத்தை விட மேல்.

வட்டிக் கணக்கு ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். 20 ஆண்டுக்கு 10 லட்சம் ரேண்ட் கடன் என்றால், 7 விழுக்காட்டில் மாதத் தவணை ஏறக்குறைய 7,753 ரேண்ட். வங்கிகள் கடன் வட்டிக்கு அடிப்படையாக வைக்கும் பிரைம் விகிதம் 11.75-ஐ எட்டிய 2023-ல் அதே கடனுக்கு 10,837. 2025 நவம்பரில் பிரைம் 10.25-க்கு இறங்கியபோது 9,816. பாக்கி தீர்ந்து மூச்சு வந்த பிறகு, வட்டி இறங்கினாலும் தவணையை இறக்காதீர்கள். 10.25 விழுக்காட்டிலும் 10,837-ஐயே கட்டி வந்தால் அந்த 20 ஆண்டுக் கடன் பதினைந்தே கால் ஆண்டில் முடிந்துவிடும். மீண்டும் வட்டி ஏறினாலும் திடுக்கிட வேண்டியிருக்காது.

கேள்வி (ஃபீனிக்ஸ்): ஆறு பேரை வைத்துக் கட்டட வேலை செய்கிறேன். ஐந்து மாதமாகச் சில்லறை வேலைதான். இப்போது ஒருவர் புது வீடு கட்டச் சொல்கிறார். "பிளான் பாஸ் ஆகிற வரைக்கும் காத்திருக்க வேண்டாம், என்.எச்.பி.ஆர்.சி. (வீடு கட்டுவோர் பதிவு மன்றம்) செலவும் வேண்டாம், அந்தக் காசை விலையில் குறைச்சுக்கோங்க" என்கிறார். வேண்டாம் என்று சொல்லவும் மனசு வரவில்லை.

பதில்: அவர் கேட்பது விலைக் குறைப்பு இல்லை, முழு ஆபத்தையும் உங்கள் மேல் ஏற்றிவிடுகிறார். வீடு வாங்குவோரைப் பாதுகாக்கும் 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வீடு கட்டித் தருபவர் என்.எச்.பி.ஆர்.சி.யில் பதிவு செய்திருக்க வேண்டும்; வீட்டையும் வேலை தொடங்குவதற்கு 15 நாள் முன்னதாகப் பதிய வேண்டும். பதிவில்லாதவர் கட்டியதற்குக் கூலி வாங்கவே உரிமை இல்லை. ஒரு கட்டுமான நிறுவனம் நடுவர் மன்றத்தில் வீட்டுக்காரியை எதிர்த்து ஐந்தரை லட்சம் ரேண்ட் ஜெயித்திருந்தது. சுவர் எழுப்பிய துணை ஒப்பந்தக்காரருக்குப் பதிவு உண்டு, வேலை எடுத்த நிறுவனத்துக்கு அப்போது இல்லை. 2014-ல் அரசியல் சாசன நீதிமன்றம் அந்தத் தொகையை வசூலிக்க அனுமதிக்கவில்லை. இன்று தோளில் கைபோடுகிற ஆளே கடைசித் தவணையில் இந்தச் சட்டத்தை உங்களுக்குப் படித்துக் காட்டுவார்.

பிளானும் அப்படித்தான். 500 சதுர மீட்டருக்குக் குறைவான கட்டடத்துக்கு நகராட்சி 30 நாளில் முடிவு சொல்ல வேண்டும். அதற்கு மேற்பட்டதற்கு 60 நாள். நடைமுறையில் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்புவதில் இழுக்கும். அந்த நேரத்தைத் திட்டத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள். அனுமதி கிடைத்து 12 மாதத்துக்குள் தொடங்காவிட்டால் அது காலாவதி ஆகிவிடும் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். அனுமதி இல்லாமல் எழுப்பிய வீட்டுக்குக் குடியேறும் சான்றிதழ் கிடைக்காது. வங்கிக் கடனில் கட்டுகிறார் என்றால் கடைசிப் பணமும் வராது. 2013-ல் டோங்காட்டில் கட்டிக்கொண்டிருந்த மால் இடிந்தது அங்கீகரித்த பிளான் இல்லாத கட்டடத்தில்தான். 2024 மே மாதம் ஜார்ஜ் நகரில் அடுக்குமாடி விழுந்து 34 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகும் இதைச் 'செலவு' என்று பேசுவது நமக்குப் புரியவில்லை.

ஆட்களை உட்கார வைக்க முடியாது என்கிறீர்கள், நியாயம். பிளான் வரும் வரை ஆறு பேரையும் ஒரே இடத்தில் வைக்காமல் இரண்டு இரண்டு பேராகப் பிரித்து அனுப்புங்கள். கூரைக் கசிவு, வாட்டர்ப்ரூஃபிங், தண்ணீர்க் குழாய், சரிவு மண்ணைப் பிடித்து நிறுத்தும் தாங்கு சுவர்ப் பழுது போன்றவை மழைக்காலத்துக்கு முன் செப்டம்பரிலேயே தேடிவரும் வேலைகள். டிசம்பர் நடுவில் தொழிலே மூடினால் ஜனவரி இரண்டாம் வாரம் வரைக்கும் வரும்படி இல்லை. அந்த நான்கு வாரக் கூலியை அக்டோபரிலிருந்தே ஒதுக்கி வையுங்கள்.

பணத்தைப் படிப்படியாக வாங்குங்கள். ஒப்பந்தத்தின்போது வாங்குவது முதல் கட்டச் சாமானின் விலைக்கு மேல் போக வேண்டாம். பிறகு தளம் போட்டதும், சுவர் கூரை மட்டத்துக்கு வந்ததும், கூரை ஏறியதும், பூச்சு முடிந்ததும் ஒவ்வொரு தவணை. ஒப்படைத்த பின் குறை தீர்க்க 5 விழுக்காட்டை அவர் நிறுத்திவைக்கட்டும். ஒருவர் கொடுத்த முன்பணத்தில் இன்னொருவர் வீட்டுக்குச் செங்கல் இறக்குவதுதான் சிறு கட்டடக்காரர்களைச் சாய்க்கிறது. முதல் மாதம் தெரியாது. மூன்றாவது வீட்டுக்காரர் வேலையை நிறுத்தியதும் மூன்று வீடும் ஒன்றாக நிற்கும். விலைப்புள்ளியில் '14 நாள் வரை செல்லும்' என்று தேதியோடு எழுதுங்கள்.

சிமென்டை மலிவாகக் கிடைக்கிறதென்று நூறு மூட்டை வாங்கி அடுக்காதீர்கள். டர்பன் காற்றின் ஈரத்தில் இரண்டு மூன்று மாதத்தில் அது பலம் இழக்கும். மூட்டையைப் பிரித்துக் கைநிறைய அள்ளிப் பாருங்கள்: விரலில் பொடியாகாத கட்டி இருந்தால் அஸ்திவாரத்துக்கும் பீமுக்கும் ஆகாது. ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, தரையில் படாமல் பலகைமேல், சுவரை ஒட்டாமல் வையுங்கள். விலைப் போட்டிக்காகக் கலவையில் சிமென்டைக் குறைப்பதை விட வேலையை விட்டுவிடலாம்.

கேள்வி (ரிசர்வாயர் ஹில்ஸ்): சரிவில் ஒரு வீடு மலிவாக வருகிறது. சுவரில் விரிசல் இருக்கிறது. 'பூச்சு விரிசல்தான்' என்கிறார்கள். எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: தலைமுடி அளவில், ஒரு மில்லிமீட்டருக்குள், பூச்சோடு நிற்பது பெரும்பாலும் பூச்சு விரிசல்தான். கல் இணைப்பு வழியே படிக்கட்டுப் போல ஏறுவதும், மேலே அகன்று கீழே குறுகுவதும், பக்கத்துக் கதவு இழுத்துக்கொள்வதும் அஸ்திவாரம் அசைகிறது என்பதன் அடையாளம். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுத் தேதி எழுதச் சொல்லிக் கேளுங்கள். அகலத்தையும் ஒரே இடத்தில் அளந்து எழுதுங்கள். நல்ல மழைக்குப் பிறகு மறுபடி போய்ப் பாருங்கள். அக்டோபர் முதல் மார்ச் வரை இதற்கு ஏற்ற காலம். கோட்டைத் தாண்டியிருந்தால் ஓடிக்கொண்டிருக்கும் விரிசல் அது.

பிறகு பின்பக்கத் தாங்கு சுவர். தண்ணீர் வடியத் துளைகள் இருக்கின்றனவா, அவற்றில் மண் அடைத்திருக்கிறதா? துளை இல்லாத சுவருக்குப் பின்னால் தேங்கும் மழைநீரின் பாரம்தான் அதைத் தள்ளுகிறது. 2022 ஏப்ரல் வெள்ளத்தின்போது நம் பகுதிச் சரிவுகள் நனைந்து சரிந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தூக்குக்குண்டு விட்டுச் சுவர் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கூரைத் தண்ணீர் குழாய் எங்கே முடிகிறது என்றும் தொடர்ந்து போய்ப் பாருங்கள்; அஸ்திவாரத்தின் ஓரத்தில் கொட்டுகிறதென்றால் விரிசலுக்குக் காரணம் பாதி தெரிந்துவிட்டது.

ஏஜென்ட் வழியாக வாங்கினால், விற்பவர் நிரப்பிக் கையெழுத்திட்ட குறைகள் படிவத்தை ஏஜென்ட் உங்களுக்குத் தந்தே ஆக வேண்டும். அது பத்திரத்தோடு இணைந்திருக்க வேண்டும். பத்திரத்தில் 'ஃபூட்ஸ்டூட்ஸ்', அதாவது உள்ளது உள்ளபடி, என்று இருந்தாலும், தெரிந்தே மறைத்த குறைக்கு அது விற்பவரைக் காப்பாற்றாது. மறைத்தார் என்று நிரூபிப்பதுதான் பாடு. அதனால், பதிவு பெற்ற கட்டமைப்புப் பொறியாளரின் அறிக்கை 14 நாளுக்குள் உங்களுக்குத் திருப்தி தந்தால் மட்டுமே விற்பனை செல்லும் என்று ஒரு நிபந்தனையைக் கையெழுத்துக்கு முன்பே சேர்த்துவிடுங்கள். லோனுக்காக வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளரைப் பொறியாளராக எண்ணிவிட வேண்டாம். அவர் வங்கிக்காக விலை பார்க்க வருபவர், விரிசலை அளப்பது அவர் வேலை இல்லை.